உன் கண்ணாடிப் பெட்டியில் துண்டு வைக்காதே

மேலத்தெரு பொன்னுரங்கம், அவர் தம்பி வரதன், தையல் மிஷின் வைத்திருந்த முனிரத்தினம், கிணறு வெட்டுகிற ஆறுமுகம், அவன் சம்சாரம் குப்பம்மா, கோயிலில் மேளம் அடிக்கிற தசரதன், உன் அப்பாயி, அதாவது என் மாமியார் ராஜம்மா, உன் நைனா, கல்யாணமாகி அந்த ஊருக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகாத நான். இவ்வளவு பேர்தான் அன்றைக்குத் தண்டவாளத்தில் உட்கார்ந்தது. ஊரே வந்தது என்று மேடையில் சொல்வார்கள், ஊர் வரவில்லை. ஊர் வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்தது. பிறகு ஜீப்பில் ஒரு அதிகாரி வந்தார், லாரியில் போலீஸ் வந்தது, அவர்கள் பெயர் எனக்குத் தெரியாது. இன்னும் ஒருத்தி இருந்தாள். மங்கம்மா.

மங்கம்மாவை உனக்குத் தெரியும். ரேணிகுண்டா ஸ்டேஷனுக்கு வெளியே இட்லி சுட்டு விற்றாளே, நீ ஹாஸ்டலுக்குப் போகும்போதெல்லாம் இலையில் கட்டி ஜன்னல் வழியாக நீட்டினாளே, ரேணிகுண்டா அத்தை என்று கூப்பிடுவாயே, அவளேதான். அவள் அன்றைக்கு அங்கே இருந்தாள் என்று உனக்கு யாரும் சொன்னதில்லை. நான் சொல்ல வந்தபோதெல்லாம் உன் நைனா வேறு பேச்சை எடுத்துவிடுவார். நீயும் அவர் பேச்சைத்தான் கேட்பாய்.

போன மாதம் நீ போனில் சொன்னது எல்லாம் எனக்கு மனசில் இருக்கிறது. எல்லைப் போராட்டத்துக்கு நம் ஊரில் ஒரு நினைவுக் கூடம் கட்டுகிறாய். பழைய அரிசி மில்லில் சுண்ணாம்பு அடித்தாகிவிட்டது. வருகிற சங்கராந்திக்குத் திறப்பு. நீ வேலை செய்கிற வார்சாவில் நாம் பார்த்ததுபோல ஒரு சுவர், அதில் பெயர்கள், முதலில் உன் நைனாவின் பெயர் பெரிய எழுத்தில், அதன் கீழே ஒரு கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் அவர் ரயிலை நிறுத்த ஆட்டிய சிவப்புத் துண்டு. டிரங்குப் பெட்டியில் அந்தத் துண்டைத் தேடி எடுத்து வைக்கச் சொன்னாய். தேடவில்லை. அப்படி ஒரு துண்டு இந்த வீட்டில் இருந்ததே கிடையாது. உன் நைனா வெள்ளைத் துண்டைத் தவிர வேறு எதையும் தோளில் போட்டவரில்லை. நீ அந்தச் சுவரைக் கட்டி முடிப்பதற்குள் என்ன நடந்தது என்று உனக்குத் தெரிய வேண்டும். கல்லில் வெட்டிவிட்டால் அப்புறம் அழிக்க முடியாது. அதனால்தான் மூன்றாவது வரைக்கும் படித்த நான் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வார்சாவில் நீ என்னைக் கூட்டிக்கொண்டு போன அந்த மியூசியத்தை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். உன் கோட்டை எனக்குப் போட்டுவிட்டாய், முழங்கால் வரைக்கும் தொங்கியது. யுத்த காலத்தில் ஜெர்மன்காரர்கள் அந்த ஊரைப் பிடித்து வைத்திருந்தார்கள், ஒருநாள் ஊர் ஜனங்களே துப்பாக்கி எடுத்து எதிர்த்து நின்றார்கள், கோடையில் ஆரம்பித்து இலை உதிர்கிற வரைக்கும் நின்றார்கள், கடைசியில் ஊரையே இடித்துப் போட்டுவிட்டார்கள் என்று நீ வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தாய். உள்ளே போனதும் எங்கிருந்தோ நெஞ்சு அடித்துக்கொள்கிற மாதிரி சத்தம். ஒரு இரும்புச் சுவருக்குள்ளிருந்து வந்தது. நான் காதை வைத்துக் கேட்டேன். நீ சுற்றுமுற்றும் பார்த்தாய், வெட்கப்பட்டாய் போலிருக்கிறது. அப்புறம் அந்தச் சாக்கடைச் சுரங்கம். தெருவில் நடக்க முடியாமல் ஜனங்கள் பூமிக்கு அடியில் சாக்கடை வழியாகத் தப்பிப் போனார்களாமே, அதே மாதிரி செங்கல் வைத்துக் கட்டியிருந்தார்கள். எனக்கு அதற்குள் போக வேண்டும்.

"அம்மா, முட்டி வலிக்குதுன்னு காலையிலதான் சொன்னே."

"காலையில சொன்னது காலைக்கு. நவுரு."

குனிந்துகொண்டே போனேன். நீ பின்னால் என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தாய். எனக்கு ஒவ்வொன்றும் தெரிய வேண்டியிருந்தது. கைக்குழந்தைக்காரிகள் எப்படி வந்தார்கள், குழந்தை அழுதால் என்ன செய்தார்கள், மேலே அடுப்பு மூட்டினால் புகை தெரியாதா, அத்தனை பேருக்கு யார் சமைத்தது, கண்ணாடிக்குள் வைத்திருந்த பழைய பூட்ஸை இத்தனை வருஷம் யார் வீட்டுப் பரணில் வைத்திருந்து கொண்டுவந்து கொடுத்தார்கள். உனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. துப்பாக்கியின் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னாய்.

ஒரு சுவரில் பழைய காலத்து டெலிபோன்கள் மாட்டியிருந்தார்கள். எடுத்துக் காதில் வைத்தால், அன்றைக்குச் சண்டையில் இருந்தவர்கள் பேசுகிறார்கள். நான் எடுத்ததில் ஒரு கிழவி பேசினாள். முடிகிற வரைக்கும் கேட்டேன். "புரியாம இன்னாம்மா கேக்கற?" என்றாய். எனக்கு அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. ஆனால் ஓரிடத்தில் நிறுத்தி, எச்சில் விழுங்கி, ஒரு பேரைச் சொன்னாள். பேர் என்பது எந்த பாஷையில் சொன்னாலும் தெரிந்துவிடும்.

வெளியே தோட்டத்தில் அந்தப் பெயர்ச் சுவர் நீளமாகப் போனது. எதிரே பெஞ்சில் தொப்பி போட்ட ஒரு கிழவி உட்கார்ந்து பிளாஸ்கில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்து, இதில் யார் பேராவது விட்டுப்போயிருக்கிறதா என்று கேட்கச் சொன்னேன். நீ தயங்கினாய். கேட்டாய். அவள் நீளமாகப் பதில் சொன்னாள், நீ சுருக்கிச் சொன்னாய்: இது சண்டையில் செத்தவர்களுக்கான சுவர், என் சிநேகிதி சண்டை போடவில்லை, ரொட்டி சுட்டாள், அப்புறம் பல வருஷம் கழித்துத்தான் செத்தாள், அதனால் அவள் பேர் இங்கே வராது, நான் வரும்போதெல்லாம் வாயால் சொல்லிவிட்டுப் போகிறேன். பேர் என்ன என்று கேட்டேன். ஹாலினா என்றாள். நானும் சொல்லிப் பார்த்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் "மங்கம்மா" என்றேன். அவள் பல் இல்லாத வாயால் மூன்று துண்டாக அதைச் சொன்னாள். "யாரும்மா மங்கம்மா, நம்ம ரேணிகுண்டா அத்தையா?" என்று நீ கேட்டாய். கேட்டுவிட்டு, மழை வருகிறது என்று எழுந்துவிட்டாய். அன்றைக்கு நீ உட்கார்ந்திருந்தால் அங்கேயே சொல்லியிருப்பேன். வயசானவர்களிடம் ஒன்றைக் கேட்டால் உட்கார்ந்துகொண்டு கேள்.

இப்போது கேள். சென்னை ராஜ்யத்திலிருந்து ஆந்திராவைத் தனியாகப் பிரித்தபோது சித்தூர் ஜில்லா முழுசாக அந்தப் பக்கம் போய்விட்டது. வீட்டில் தமிழ் பேசுகிற நம் மாதிரி ஜனங்கள் நகரியிலும் புத்தூரிலும் சத்தியவேட்டிலும் ஊர் ஊராக இருந்தோம். எந்த ஊரில் எந்த பாஷைக்காரர் அதிகம் என்று பார்த்துத்தான் எல்லையைத் திருத்துவார்கள் என்று பேச்சு வந்தது. டவுனிலிருந்து வந்தவர்கள் கூட்டம் போட்டு, நீங்களும் ரயிலை மறியுங்கள், ஆனால் ரயில்வே சாமான் எதையும் தொடாதீர்கள், இங்கே இருப்பவர்கள் எல்லாரும் தமிழ்க்காரர்கள் என்று தெரிய வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உன் நைனா பேப்பர் படிக்கிறவர், வாய் உள்ளவர், அவரைத் தலைவராக்கிவிட்டார்கள். அவருக்கு அப்போது இருபத்தைந்து வயசுகூட இருக்காது. காலையில் வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. நெற்றியில் நான்தான் குங்குமம் வைத்துவிட்டேன். எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

ரயில்வே கேட் பக்கத்தில் இரண்டு தண்டவாளம். ஒன்றின் மேல் புளியமரத்து நிழல் விழுந்திருந்தது. எல்லாரும் அதில் போய் வரிசையாக உட்கார்ந்தோம். வெயிலில் வேலை செய்கிற ஜனம் சும்மா உட்கார வேண்டும் என்றால் நிழலைத்தான் தேடும். தசரதன் மேளம்கூடக் கொண்டுவந்திருந்தான். கொஞ்ச நேரம் கோஷம் போட்டோம். பக்கத்தில் ரயில்வே குவார்ட்டர்ஸ் ஒன்று இருந்தது, தண்டவாளம் பார்க்கிற கேங்மேன் வீடு. அந்த வீட்டுக்காரி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள். அதுதான் மங்கம்மா. தெலுங்குக்காரி. எங்கள் வீட்டில் மோர் வாங்குகிறவள், என்னைவிடக் கொஞ்சம் பெரியவள், புதுசாக வந்த ஊரில் எனக்கு முதலில் பேச்சுத் துணை ஆனது அவள்தான்.

"ஏமய்யா, அங்க எதுக்குக் குந்திக்கினு கீறீங்க?"

"ரயில மறிக்கறோம்" என்றார் பொன்னுரங்கம்.

"எந்த ரயில?"

"மெயில."

"மெயிலு அந்தப் பக்கம் போவுது. இது சரக்கு வண்டிய ஒதுக்கி வைக்கற லைனு. புல்லு மொளச்சிக் கெடக்குது பாரு, புல்லு. மாட்ட ஓட்டினு வந்தாலாச்சும் மேயும்."

"நெழலு கீதுன்னு குந்தினோம் தாயி" என்றாள் உன் அப்பாயி.

மங்கம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். உன் நைனா சிரிக்கவில்லை. எழுந்து, எல்லாரையும் வெயிலில் இருந்த மற்ற தண்டவாளத்துக்கு மாற்றினார். மங்கம்மா சிரிப்பை நிறுத்திவிட்டுத் தண்டவாளம் வளைந்து போகிற பக்கமாகப் பார்த்தாள். அங்கே பாறை மறைப்பு. வண்டி கிட்டத்தில் வந்தால்தான் தெரியும்.

"டிரைவருக்குச் சொல்லிக்கீறீங்களா?"

"எங்களப் பாத்தா நிறுத்துவான்" என்றார் உன் நைனா.

"பாத்து நிறுத்தறதுக்குள்ள உங்க மேல ஏறிப் போயிடுவான். அம்மாம் பெரிய இரும்பு, மாட்டு வண்டியா, ஹோய்ன்னா நிக்கறதுக்கு? எழுந்திரிங்கய்யா, நாலு புள்ளைங்க சாவும்."

யாரும் எழவில்லை. எழுந்தால் பயந்துவிட்டதாகிவிடும். உன் நைனா கோஷத்தைப் பலமாகப் போட்டார். தசரதன் மேளத்தை அடித்தான். மங்கம்மா வீட்டுக்குள் போனாள், வீட்டுக்காரருடைய சிவப்புக் கொடியை எடுத்துக்கொண்டு வந்தாள், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வளைவைப் பார்த்து ஓட ஆரம்பித்தாள். அவள் வீட்டுக்காரர் அன்றைக்கு வேறு பக்கம் வேலைக்குப் போயிருந்தார். நான் எழுந்து அவள் பின்னால் ஓடினேன். அப்பாயி கத்தினாள், திரும்பவில்லை. ஜல்லிக் கல் காலில் ஏறியது. வளைவைத் தாண்டினபோது தூரத்தில் புகை தெரிந்தது. மங்கம்மா மெயில் வருகிற தண்டவாளத்துக்கு நடுவில் போய் நின்று, கொடியை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தாள். நான் ஓரத்தில் நின்று, "அக்கா, வந்துடு, வந்துடுக்கா" என்று கத்திக்கொண்டிருந்தேன். விசில் ஊதிக்கொண்டே வந்தது வண்டி. அவள் நகரவில்லை, கடைசியில்தான் துள்ளி இந்தப் பக்கம் விழுந்தாள். சக்கரத்திலிருந்து பொறி பறக்க எங்களைத் தாண்டிப் போய், வளைவில் திரும்பி, உட்கார்ந்திருந்தவர்களுக்கு முன்னால் ஒரு வண்டிமாடு நிற்கிற இடம் விட்டு நின்றது. நாங்கள் திரும்பி ஓடி வந்தபோது குப்பம்மா மயங்கிக் கிடந்தாள். உன் நைனா தண்டவாளத்தில் உட்கார்ந்தபடியே இருந்தார், ஓடவில்லை. அதை நான் மறைக்க மாட்டேன். அவர் தைரியம் பொய்யில்லை.

கொஞ்ச நேரம் திருவிழா மாதிரி இருந்தது. வண்டியிலிருந்து ஜனங்கள் இறங்கி என்ன ஏது என்று விசாரித்தார்கள். ஒரு அம்மாள் குழந்தைக்குப் பால் கிடைக்குமா என்று கேட்டாள், மங்கம்மா போய்க் கொண்டுவந்து கொடுத்தாள். அப்புறம் புத்தூரிலிருந்து ஜீப்பும் லாரியும் வந்தன. அதிகாரி வயசானவர், கண்ணாடி போட்டவர், மரியாதையாகத்தான் பேசினார். ரயில்வே கொடியைக் காட்டி ஒரு பொம்பளை வண்டியை நிறுத்தினாள் என்று டிரைவர் அவரிடம் சொல்லிவிட்டார். அதிகாரி தெலுங்கில் உன் நைனாவைக் கேட்டார், கொடி பிடித்தது யார், உங்கள் ஆளா என்று.

மங்கம்மா எங்கேயோ தூரத்தில் இல்லை, என் பக்கத்தில்தான் நின்றாள். கொடியைச் சுருட்டி அக்குளில் வைத்திருந்தாள். உன் நைனா அவளைப் பார்த்தார். அவர் மனசில் என்ன ஓடியது என்று நான் இத்தனை வருஷமாக யோசித்திருக்கிறேன். ரயில்வே சாமானைத் தொடக்கூடாது என்று டவுன்காரர்கள் சொன்னது ஓடியிருக்கும். இங்கே எல்லாரும் தமிழ்க்காரர்கள் என்று காட்ட வேண்டுமே, ஒரு தெலுங்குக்காரி நடுவில் நிற்கிறாளே என்று ஓடியிருக்கும். அவர் தெலுங்கிலேயே பதில் சொன்னார்.

"மா மனிஷி காது சார். எவரோ தெலுகாமே."

எங்கள் ஆள் இல்லை, யாரோ தெலுங்குப் பொம்பளை. வீட்டு வாசலில் தினம் மோர் வாங்குகிறவள் யாரோ ஆகிவிட்டாள்.

"இன்னா பேசறீங்க? அவ இல்லன்னா இந்நேரம் நாம தண்டவாளத்துல ஒட்டிக்கினு கெடப்போம்" என்று நான் கத்தினேன். அப்பாயி என் கையைக் கிள்ளினாள். அதிகாரி என்னைப் பார்த்துவிட்டு, உன் சம்சாரமா என்று அவரைக் கேட்டார். "ஆமா சார், ஆடவாள்ள மாட்ட" என்றார் உன் நைனா. பொம்பளைப் பேச்சு. அதிகாரி தலையை ஆட்டிக்கொண்டார். மங்கம்மா உன் நைனா முகத்தை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தாள், முந்தானையால் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டாள், அவர்கள் கூப்பிட்டதும் ஜீப்பில் ஏறிவிட்டாள். எங்களை லாரியில் ஏற்றி, பொழுது சாய்ந்ததும் விட்டுவிட்டார்கள். புத்தூரில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் டவுன்காரர்கள் மாலையோடு நின்றார்கள், ரயிலை நிறுத்திய வீரர் என்று உன் நைனா கழுத்தில் போட்டார்கள். அந்தப் போட்டோதான் நம் கூடத்தில் மாட்டியிருப்பது. அதில் அவர் முகம் ஏன் அப்படிச் சுருங்கியிருக்கிறது, வெயிலா என்று நீ சின்ன வயசில் கேட்பாய். மாலை போட்ட நேரத்தில் வெயில் இல்லை.

ரயில்வே கொடியை எடுத்ததற்கு மங்கம்மாவின் வீட்டுக்காரருக்கு வேலை போய்விட்டது. போராட்டக்காரர்களோடு சேர்ந்தவள் என்றால் டவுன்காரர்கள் வக்கீல் வைத்திருப்பார்கள், எல்லாருக்கும் வைத்தார்கள். எங்கள் ஆள் இல்லை என்று உன் நைனா சொன்ன பிறகு அவளுக்கு யார் வைப்பார்கள்? குவார்ட்டர்ஸைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். பானை சட்டியை வண்டியில் ஏற்றுகிறபோது நான் போனேன். தமிழ்க்காரர்களோடு போய்ச் சேர்ந்தாயே என்று அவள் சொந்தக்காரர்களும் வீட்டில் சேர்க்கவில்லை, அதனால் ரேணிகுண்டாவுக்குப் போகிறோம் என்றாள். நான் அழுதேன். "நீ எதுக்குடி ஏடுஸ்தாவு, மோருக்கு இனிமே நாந்தான் அழுவணும்" என்றாள்.

எல்லையைத் திருத்தினார்கள். சில ஊர்கள் தமிழ்நாட்டுப் பக்கம் போயின, நம் ஊர் ஆந்திராவிலேயே நின்றுவிட்டது. உன் நைனா அன்றைக்குச் சாப்பிடவில்லை. அப்புறம் நீ பிறந்தாய். நீ தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் படித்தாய், சாயங்காலம் உன்னைப் பக்கத்தில் உட்கார வைத்துப் பேப்பரை விரித்து ஒவ்வொரு எழுத்தாக அவர்தான் தமிழ் சொல்லிக் கொடுத்தார். அதனால்தான் இந்தக் கடிதத்தை நீ படிக்கிறாய், அதையும் நான் மறக்கவில்லை. ஆனால் ரயில் கதை அவர் வாயில் வளர்ந்த விதத்தையும் கூட இருந்து பார்த்தேன். முதலில் நிறுத்தினோம் என்றார். பிறகு நிறுத்தினேன் என்றார். நீ பிறந்த பிறகு துண்டு வந்தது. நீ பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகு துண்டு சிவப்பானது. நான் சமையல்கட்டிலிருந்து, "கொடி புடிச்சது யாருன்னு கொழந்தைக்குச் சொல்லுங்க" என்பேன். "ஊருக்கே தெரிஞ்ச கதைய நீ மாத்தாதே" என்பார். ஊருக்குத் தெரிந்தது அவர் சொன்ன கதைதானே.

உன் சிநேகிதர்களிடம் நீ, எங்கள் நைனா தன் துண்டைத் தானே துவைத்துக்கொள்வார், அவ்வளவு ஒழுங்கு என்று பெருமையாகச் சொல்வாய். வேட்டி, சட்டை, போர்வை எல்லாம் நான் துவைத்தேன். துண்டை மட்டும் அந்த ரயில் நாளிலிருந்து நான் தொட்டதில்லை. தொட்டி ஓரத்திலேயே கிடக்கும். அவரும் ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை, எடுத்துத் தேய்த்து அலசிப் போட்டுக்கொள்வார். கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். திருப்பதி ஆஸ்பத்திரியில் கடைசியாகப் படுத்திருந்தபோது, ஊசி போட வந்த நர்ஸ் பெண்ணுக்கு அந்தக் கதையைச் சொன்னார். "அவுனா தாதா", அப்படியா தாத்தா என்று அது கண்ணை விரித்தது. நான் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இப்போதாவது சொல்வார் என்று நின்றேன். தண்ணீர் கேட்டார். கொடுத்தேன்.

நீ போன் பண்ணின பிறகு நான் பஸ் ஏறி ரேணிகுண்டாவுக்குப் போனேன். உனக்குச் சொன்னால் தனியாக ஏன் போனாய் என்பாய். மங்கம்மா இப்போது மகள் வீட்டில் இருக்கிறாள், ஸ்டேஷனுக்குப் பின்னால். கண் மங்கிவிட்டது, காது நன்றாகக் கேட்கிறது, வண்டிச் சத்தத்தை வைத்து எந்த ரயில் என்று சொல்கிறாள். நினைவுக் கூடம், பெயர்ச் சுவர், கண்ணாடிப் பெட்டி எல்லாம் சொன்னேன்.

"கண்ணாடிப் பெட்டியா? மீனு வளக்கறதா?"

"வெளயாடாதக்கா. உம்பேரு அதுல வரணும். நா புள்ளைக்கு எழுதப் போறேன்."

"எம்பேரு எதுக்கு? எனக்கே இல்லாத கோவத்த நீ ஏன்டி இத்தினி வருசமா தூக்கினு திரியற? இடுப்பு வலிக்கல?"

"வலிக்குது. கீழ வைக்க எடம் இல்ல."

அவள் சிரித்தாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு சொன்னாள். "எழுதறதுன்னா அவரு பேர எழுது. வேல போனது அவருக்குத்தானே. ரேணிகுண்டா வந்து மூட்ட தூக்கினாரு. சாவற வரிக்கும் ஒரு வாட்டி, ஏன்டி கொடிய எடுத்தேன்னு கேக்கல. நானே கேட்டேன், கோவம் இல்லையான்னு. கொடி எதுக்குக் குடுத்தாங்க, மனுசங்க சாவாம இருக்கத்தானே, எடுத்தது சரிதான்னாரு."

நானும் ஒருத்தரோடு குடித்தனம் பண்ணினேன்.

"சரி, பேரு சொல்லு, எழுதிக்கறேன்" என்றேன். அவரை நான் கேங்மேன் என்றும் மங்கக்கா வீட்டுக்காரர் என்றும்தான் அறிவேன்.

"நானா? நா எப்பிடிச் சொல்றது?"

"செத்துப் போயி எத்தினி வருசம் ஆச்சுக்கா."

"செத்துட்டா புருசன் இல்லன்னு ஆயிடுமா?" என்றாள். மகள் கடைக்குப் போயிருந்தாள், கேட்க வேறு ஆளில்லை. மங்கம்மா கண்ணில் விரலை வைத்துக் காட்டினாள். "காளாஸ்தில சாமிக்குக் கண்ணப் பேத்துக் குடுத்தாரே."

"கண்ணப்பனா?"

முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு தலையை ஆட்டினாள். எழுபது வயசு தாண்டியவள், புதுப்பெண் மாதிரி முகம் சிவந்து போனது. கண்ணப்பா. எழுதிக்கொள்.

இனி நீ செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். உன் சுவரில் எல்லாப் பெயரும் ஒரே அளவில் இருக்கட்டும், தமிழிலும் தெலுங்கிலும். பொன்னுரங்கம் முதல் உன் அப்பாயி வரைக்கும் நான் மேலே சொன்ன வரிசையில் போடு. மங்கம்மா பேர் வேண்டும், அவள் வேண்டாம் என்றாலும் போடு. கண்ணப்பா அன்றைக்கு அங்கே இல்லை, ஆனாலும் போடு, அவர் விலை கொடுத்தவர். கொடியைத் தேடாதே, அதைப் போலீஸ் எடுத்துக்கொண்டு போனது. புளியமர நிழலில் தப்பான தண்டவாளத்தில் உட்கார்ந்ததையும் எழுதி வை, பார்க்க வருகிற பிள்ளைகள் சிரிக்கட்டும், சிரித்தால் ஞாபகம் இருக்கும். திறப்பு விழாவுக்கு மங்கம்மாவைக் கார் அனுப்பிக் கூட்டிக்கொண்டு வா. மேடையில் ஏற்றி மாலை போட்டுக் கஷ்டப்படுத்தாதே, பக்கத்தில் உட்கார்ந்து அவளைப் பேசவிட்டுக் கேள். வார்சாவில் நான் கேட்ட மாதிரி கேள்வி எல்லாம் நீ அவளைக் கேள். எப்படி ஓடினாய், பயமாக இல்லையா, ஜீப்பில் என்ன பேசினார்கள், அன்றைக்கு அடுப்பில் என்ன வைத்துவிட்டு வந்தாய், அது கருகிப்போயிற்றா. எனக்கே இன்னும் தெரியாது.

நைனா இல்லாத சமயத்தில் இப்படிச் சொல்கிறாயே என்று உனக்குக் கோபம் வரும். வரட்டும். இருந்த சமயத்திலும் சொன்னேன், சமையல்கட்டிலிருந்து சொன்னது கூடத்துக்குக் கேட்கவில்லை. அவரை நீ வெறுக்க வேண்டியதில்லை, உனக்கு அவர் நல்ல நைனா. பயந்த நேரத்தில் ஒரு பொய் சொன்னார், அதை ஒரு சாயங்காலத்தில் நான் பொறுத்திருப்பேன். பயம் போன பிறகும் ரேணிகுண்டா ரயிலில் ஒரு மணி நேரத் தூரத்தில்தான் இருந்தது. அவர் ஒருநாளும் டிக்கெட் எடுக்கவில்லை.

மன்னிக்கிற விஷயத்தில் நான் கஞ்சம் என்று உன் பெண்டாட்டி சொல்வாள், சரிதான். ஆனாலும் இதில் நிறையப் பேரை விட்டுவிட்டேன். அந்த அதிகாரியை விட்டேன், அவர் கேட்க வேண்டியதைக் கேட்டார். கிள்ளின மாமியாரை விட்டேன். மாலை போட்டவர்களை விட்டேன், எல்லைக் கோடு போட்டவர்களையும் விட்டேன், அவர்களுக்கு எங்களைத் தெரியாது. ரேஷன் கார்டுக்கும் ஓட்டு லிஸ்டுக்கும் ஆஸ்பத்திரிச் சீட்டுக்கும் வீட்டுக்காரர் பேர் என்ன என்று கேட்டபோதெல்லாம் நான் வாயைத் திறந்ததில்லை, நீயோ பக்கத்தில் நின்றவர்களோ சொல்வீர்கள். மங்கம்மா வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்த பிறகு, பஸ்ஸில் வருகிற வழியெல்லாம் என் வாய்க்குள் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். ஒன்றும் ஆகவில்லை, பஸ் ஓடிக்கொண்டுதான் இருந்தது. உன் சுவருக்கு அவர் பேரும் வேண்டும், அவரும் அங்கே உட்கார்ந்தவர், அதனால் நானே என் கையால் எழுதித் தருகிறேன். எல்லாரையும்போல அதே அளவில் வெட்டு. நான் மன்னிக்காத ஆள் ஒருத்தர்தான். எத்திராஜன்.